‘கொய்யா’வைத் தொட்டுப் படிப்பது எப்படி?

பார்வையற்றோர் விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயிலில் ஓர் அடிப்படை எழுத்துக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஆறு புள்ளி இடங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. எந்த இடம் மேடாக இருக்கிறது, எது வெறுமையாக இருக்கிறது என்பதைப் பொறுத்து 63 வடிவங்கள் கிடைக்கும். மேட்டின் உயரம் சுமார் அரை மில்லிமீட்டர், புள்ளிகளுக்கிடையே ஏறத்தாழ 2.5 மி.மீ. இதற்கு முன் பிரெஞ்சு ராணுவத்தைச் சேர்ந்த பார்பியே 12 புள்ளிகளில் ஒரு முறையை உருவாக்கியிருந்தார். விரல்நுனிக்குள் அது ஒரே தொடலில் அடங்கவில்லை. 1824இல், 15 வயது லூயி பிரெயில் ஆறாகக் குறைத்தார். அந்தக் குறைப்பில்தான் எல்லாமே இருக்கிறது.

தமிழுக்குப் பயன்படுவது பாரதி பிரெயில், அதாவது இந்திய மொழிகளுக்கான பொதுவான பிரெயில் முறை. இதில் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி வடிவம் கிடையாது. 12 உயிர், 18 மெய், ஆய்தம், புள்ளிக்குறி, ஆக 32 கட்டங்களே போதும். ‘கொய்யா’வை எடுத்துக்கொள்வோம். அச்சில் ‘கொ’ எழுத, க-வுக்கு முன்னால் ஒற்றைக்கொம்பும் பின்னால் காலும் வரும். பிரெயிலில் உச்சரிக்கும் வரிசைதான்: க (1-3), ஒ (1-3-4-6). அடுத்த ‘ய்’க்குப் புள்ளிக்குறி (4) முதலில், ய (1-3-4-5-6) பிறகு. மேலே வைக்கும் புள்ளி இங்கே முன்னால் வந்துவிடுகிறது. கடைசியில் ய, ஆ (3-4-5). மொத்தம் ஆறு கட்டங்கள்.

எண்ணைக் காட்டும் குறியும் ‘ண’வும் ஒரே வடிவம், 3-4-5-6. குழப்பம் வராதா? தமிழில் ண-வில் எந்தச் சொல்லும் தொடங்காது. அதனால் சொல்லின் தொடக்கத்தில் இது தட்டுப்பட்டால் எண்தான்.

வாசிப்பதில் முக்கியமானது அசைவு. விரலை ஓரிடத்தில் வைத்துக்கொண்டிருந்தால் வடிவம் மங்கிவிடும். இடமிருந்து வலமாக வழுக்கிச் செல்லும்போதுதான் தோலின் நரம்புமுனைகள் ஒவ்வொரு மேட்டையும் தெளிவாகப் பதிவு செய்கின்றன. புதிதாகக் கற்பவர்கள் அழுத்தித் தடவுவார்கள், ஒரே எழுத்தை மேலும் கீழுமாகத் தேய்ப்பார்கள். இரண்டுமே வேகத்தைக் கெடுக்கும். அழுத்தினால் புள்ளியும் நாளடைவில் தட்டையாகும். தேர்ந்தவர்கள் இரு கைகளாலும் படிப்பார்கள்: வலக்கை வரியை முடிக்கும்போதே இடக்கை அடுத்த வரியின் தொடக்கத்தைப் பிடித்திருக்கும்.

சிலேட்டும் (கட்டங்கள் கொண்ட சட்டம்) ஸ்டைலஸும் (குத்தும் ஊசி) வைத்து எழுதுவது வேறு கதை. தடித்த தாளின் பின்புறத்திலிருந்து குத்த வேண்டும் என்பதால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும்; ஒவ்வொரு கட்டத்திலும் 1, 2, 3 வலப்பக்கம் போய்விடும். இதை மறந்தால் அதிகம் மாட்டுவது இ (2-4), ஏ (1-5) ஜோடி. ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ‘இலை’யில் இ-யை மட்டும் இப்படித் தவறாகக் குத்திவிட்டுத் தாளைத் திருப்பினால் ‘ஏலை’ என்று வாசிக்கும். தவறிய புள்ளியை நகத்தால் அமுக்கினாலும் தடம் விரலில் படும். அதைவிட அந்தக் கட்டத்தின் ஆறு புள்ளிகளையும் குத்தி அடித்துவிட்டு, அடுத்த கட்டத்தில் சரியானதை எழுதிவிடலாம்.