வாரம் ஒன்றா, தினம் ஒன்றா: மருந்துச் சீட்டில் நம்மை ஏமாற்றும் நேரச் சொற்கள்

அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். முந்தானையால் வாயைப் பொத்தியபடி மருந்தகக் கவுண்டருக்கு வந்து நின்றார். கூட வந்த மகன், "வாய்ப்புண்ணுக்கு ஏதாவது களிம்பு குடுங்க மேடம். ரெண்டு நாளா மோர்சோறுகூட இறங்கல" என்றார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். உதட்டின் உட்புறம், நாக்கின் ஓரம், அண்ணம் எங்கும் வெள்ளை வெள்ளையாகப் புண். நெற்றியைத் தொட்டால் சுட்டது.

"வேற என்ன மாத்திரைம்மா சாப்பிடுறீங்க?"

மஞ்சள் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். மெத்தோட்ரெக்சேட், 7.5 மில்லிகிராம். பத்து மாத்திரை அட்டையில் ஒன்றே ஒன்று மிச்சம். "எப்ப வாங்குனது?" என்று கேட்டேன். "ஒம்பது நாளாச்சு. ஒரு நாள்கூட விடாம போட்டுட்டுத்தான் வர்றேன்" என்றார். ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்ற நிறைவு அவர் குரலில் இருந்தது.

கை மூட்டுகளில் முடக்குவாதம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து அது. சீட்டை வாங்கிப் பார்த்தேன். 'ஒன்ஸ் வீக்லி' என்று தெளிவாகவே எழுதியிருந்தார். வெளியில் ஒரு கடையில் மாத்திரை வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கடையின் கவரில் 1-0-0 என்று இருந்தது. காலையில் ஒன்று. வாரத்துக்கு ஒன்று போட வேண்டியது தினம் ஒன்றாகிவிட்டது.

களிம்பு கொடுக்கவில்லை. நேராக அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் சரிந்திருந்தன. மெத்தோட்ரெக்சேட்டின் நஞ்சை முறிக்கும் லூகோவோரின் ஊசி போட்டு, பன்னிரண்டு நாள் வார்டில் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார். இன்னும் நாலு நாள் களிம்பைத் தடவிக்கொண்டு அதே மாத்திரையைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய் சிகிச்சைக்காக வந்த மருந்து. செல்கள் பெருகுவதற்குத் தேவையான ஃபோலேட் என்ற வைட்டமினை அவை பயன்படுத்தவிடாமல் தடுக்கும். முடக்குவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் அதையே சிறிய அளவில், வாரத்தில் ஒரே ஒரு நாள் கொடுக்கிறோம். தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை, வாயின் உட்தோல், குடலின் உட்தோல் என்று வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இடங்கள் முதலில் அடிவாங்கும். இந்தத் தவறு பல நாடுகளில் உயிர்களைப் பறித்திருக்கிறது. 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை, வாரம் ஒருமுறை மட்டும் என்ற எச்சரிக்கை பெட்டியிலேயே இருக்க வேண்டும், மாத்திரை சாப்பிடுபவர் கையில் ஒரு நினைவூட்டு அட்டை கொடுக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரை செய்தது.

அந்தக் கடைக்காரருக்கு 'வீக்லி' என்றால் என்னவென்று தெரியாமலா இருக்கும்? 1-0-1 என்று எழுதிப் பழகிய கை அவருடையது. காலை, மதியம், இரவு என்று அதில் மூன்றே இடம். அதற்குள் ஒரு நாளைத்தான் எழுத முடியும், வாரத்தை எழுத இடமே கிடையாது. கவரில் எழுதும்போது வாரம் கீழே விழுந்துவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கே பல வருடம் ஆயிற்று. அதிலிருந்து வாராந்திர மருந்துக்கு நான் 1-0-0 போடுவதே இல்லை. 'வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்' என்று கிழமையோடு தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் கிழமை எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'மண்டே' என்று எழுதியதை 'மார்னிங்' என்று படித்து, ஒவ்வொரு திங்களுக்கும் பதிலாக ஒவ்வொரு காலையும் இதே மருந்தைப் போட்ட சம்பவம் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது.

மெத்தோட்ரெக்சேட்டோடு ஃபோலிக் ஆசிட்டும் எழுதுவார்கள், அதை வேறு நாளில் போட வேண்டும். இரண்டுமே மஞ்சள் நிறத்தில் இருப்பதுண்டு. ஒன்று வாரத்துக்கு, மற்றது வேறு கணக்குக்கு என்று வரும்போது இடம் மாறிப்போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.

இதைவிடச் சாதாரணமாக நான் பார்ப்பது வைட்டமின் டி. 60,000 யூனிட் மாத்திரையோ பாக்கெட்டோ, வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் என்று எழுதுவார்கள். "சத்து மாத்திரைதானே" என்று தினமும் போட்டுவிடுகிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், குழப்பம், கடைசியில் சிறுநீரகத்தில் கொண்டுபோய் விடும். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராமும் வாரத்துக்கு ஒன்றுதான்.

வாரத்தை நாம் 'எட்டு நாள்' என்போம். இன்றைக்கு எட்டாம் நாள் என்றால் அடுத்த வாரம் இதே கிழமை. இரண்டு வாரத்துக்குப் 'பதினைந்து நாள்'. தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ணுவது நம் வழக்கம். மருத்துவ ஆங்கிலம் அந்த நாளை 'டே ஸீரோ' என்று வைத்து எண்ணுகிறது. நாய் கடிக்கு அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28 என்ற நாள்களில் வரும். முதல் ஊசி போட்ட நாளை ஒன்றாக எண்ணினால் மூன்றாம் நாள் ஒரு நாள் முன்னதாக வந்து நிற்கும். திங்கட்கிழமை முதல் ஊசி என்றால் அடுத்தது வியாழன், அதற்கடுத்தது மறு திங்கள். நாளை எண்ணாமல் தேதியை எழுதி வாங்கிக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது. 'பைவீக்லி' என்ற சொல்லை யாராவது எழுதினால் உடனே திரும்பிப்போய்க் கேளுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று இரண்டு பொருளும் அகராதியிலேயே இருக்கின்றன.

அடுத்தது 'த்ரீ டைம்ஸ் எ டே'யும் 'எவ்ரி எயிட் அவர்ஸ்'ஸும். பலர் இரண்டும் ஒன்றே என்று நினைக்கிறார்கள். மூன்று வேளை என்றால் நமக்குச் சாப்பாட்டு வேளை. காலை 8, மதியம் 1, இரவு 9. நடுவில் உள்ள இடைவெளியைக் கணக்குப் போட்டால் 5 மணி நேரம், 8 மணி நேரம், இரவில் 11 மணி நேரம். சத்து மாத்திரைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அமாக்சிசிலின் போன்ற ஆன்டிபயாடிக்குக்கு உண்டு. ரத்தத்தில் அதன் அளவு ஒரு மட்டத்துக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு நேரம்தான் கிருமியோடு மல்லுக்கட்டும். அந்த 11 மணி நேர இரவு கிருமிக்குக் கிடைக்கும் ஓய்வு. எட்டு மணி நேரத்துக்கொருமுறை என்று எழுதியிருந்தால் காலை 6, மதியம் 2, இரவு 10 என்று வைத்துக்கொள்வது நம் வீட்டுப் பழக்கத்துக்கு ஒத்துவரும். நடுராத்திரி எழுந்திருக்க வேண்டியதில்லை.

'எஸ்ஓஎஸ்' என்று பார்த்ததும் ஆபத்துக்கான மருந்து என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தேவைப்பட்டால் என்பதற்கான லத்தீன் சொற்களின் முதலெழுத்துகள் அவை, அவ்வளவுதான். என் கவலை வேறு. தேவைப்பட்டால் என்று சொல்லும் அந்தச் சீட்டு, எவ்வளவு இடைவெளி விட்டு என்று பெரும்பாலும் சொல்வதில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வரும் குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கொருமுறை பாராசிட்டமால் ஊற்றிய தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் குற்றமில்லை. குழந்தைக்குத் தேவைப்பட்டது, கொடுத்தார்கள். குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி, 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் கூடாது என்று யாரும் எழுதித் தரவில்லை. 24 மணி நேரம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ராத்திரி 11 மணிக்கு இன்றைய கணக்கை முடித்துவிட்டு, 12 மணி தாண்டியதும் நாளைய கணக்கைத் தொடங்கக் கூடாது. ஈரலுக்குத் தேதி மாறுவது தெரியாது.

லத்தீன் குறிப்புகளில் இன்னும் பல வலைகள் உண்டு. 'ஓடி' என்றால் பொது மருத்துவரிடம் தினம் ஒன்று, கண் மருத்துவரிடம் வலது கண். அமெரிக்காவில் 'க்யூடி' என்ற தினம் ஒருமுறையை 'க்யூஐடி' என்ற நான்கு முறையாகப் படித்து விபரீதங்கள் நடந்ததால், 2004இல் அங்குள்ள மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமைப்பு அந்தக் குறிப்பையே பயன்படுத்தக் கூடாதவை பட்டியலில் சேர்த்தது. ஸ்பானிய மொழியில் 'ஒன்ஸ்' என்று எழுதப்படும் சொல்லுக்குப் பதினொன்று என்று பொருள். தினம் 'ஒன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே விட்டுவிட்டால் பதினொரு மாத்திரை என்று படித்துவிடுவார்கள் என்ற அச்சம் ஸ்பானிய மொழி பேசுவோர் நிறைய வாழும் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருந்துக்கடைகளைப் பற்றிய ஆய்விலேயே வந்திருக்கிறது. நமக்கும் 'ஒன்ஸ்' வேறு, 'அட் ஒன்ஸ்' வேறு. முன்னது ஒருமுறை. பின்னதற்கு உடனே என்றும் ஒரே சமயத்தில் என்றும் இரண்டு பொருள்.

பழைய பாணியில் எழுதும் மருத்துவர்கள் 5/7 என்று போடுவார்கள். ஐந்து நாளைக்கு என்று பொருள், பின்னால் உள்ள 7 வாரத்தின் ஏழு நாளைக் குறிக்கும். 2/52 என்றால் இரண்டு வாரம், 3/12 என்றால் மூன்று மாதம். ஐந்து நாள் கழித்துத் தையல் பிரிக்க வரவேண்டியவர், ஜூலை 5ஆம் தேதி வரச் சொன்னதாக நினைத்துக் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

'பிஃபோர் ஃபுட்' என்பதை நாம் மிக எளிதாக எடுத்துக்கொள்கிறோம். இலை போட்டபிறகு மாத்திரையை வாயில் போடுவதும் முன்னால்தான், ஒரு மணி நேரம் முந்திப் போடுவதும் முன்னால்தான். மருந்துக்கு இரண்டும் ஒன்றில்லை. தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காபியும் அந்தக் காத்திருப்புக்குள் வரக் கூடாது. "சாப்பாட்டுக்கு முன்னாடிதானே போட்டேன்" என்பவர்கள் பலரும் மாத்திரையைக் காபியில்தான் விழுங்கியிருப்பார்கள், காபியை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. இன்சுலினில் இது நேரெதிராகத் திரும்பும். பழைய ரெகுலர் இன்சுலின் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு, புதிய வேக இன்சுலின் தட்டில் சோறு வந்தபிறகு. வேக இன்சுலினைப் போட்டுவிட்டு, "குழம்பு இன்னும் கொதிக்கல" என்று அரைமணி உட்கார்ந்திருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். உங்கள் இன்சுலின் எது, எத்தனை நிமிடம் என்று எண்ணாகக் கேட்டு வாங்குங்கள்.

அறுவைக்கு முன் 'நத்திங் ஆஃப்டர் மிட்நைட்' என்பார்கள். செவ்வாய் காலை அறுவை, செவ்வாய் 12 ஏஎம்முக்குப் பிறகு எதுவும் கூடாது என்று சீட்டில் இருக்கும். பொழுது விடிந்தால்தான் நமக்கு அடுத்த நாள். ஆகவே செவ்வாய் 12 மணி என்றால் செவ்வாய் ராத்திரி என்று எண்ணி, காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். அறுவை தள்ளிப்போகும். மறைத்தால் மயக்க மருந்தின்போது வாந்தி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். திங்கட்கிழமை ராத்திரி 11.59 என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது.

காலாவதித் தேதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அட்டையில் மாதமும் வருடமும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரைக்கும் கணக்கு. ஆனால் அது திறக்காத மருந்துக்கு. தண்ணீர் கலந்த ஆன்டிபயாடிக் பொடி மருந்து பெரும்பாலும் ஒரு வாரம்தான் தாங்கும். பெரும்பாலான கண் சொட்டு மருந்தைத் திறந்து ஒரு மாதத்தில் தூக்கிப்போட வேண்டும், பெட்டியில் இரண்டு வருடம் தள்ளிப் போட்டிருந்தாலும். திறந்த அன்றே பாட்டிலின்மேல் பேனாவால் தேதியை எழுதிவிடுங்கள்.

மருந்தைக் கொடுப்பவர் அதை எப்படிச் சாப்பிடுவது என்று விளக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இந்திய மருந்தாளுநர் நடைமுறை விதிகளே சொல்கின்றன. கடையில் கூட்டம் இருக்கிறது, பின்னால் ஆள் நிற்கிறார் என்று கூச்சப்படாதீர்கள். கவரை நீட்டி, தினமா வாரமா, எந்தக் கிழமை, எத்தனை மணி, சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் முன்னே என்று கேட்டு, தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதியதை அவர் முன்னாலேயே ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அந்த அம்மா இப்போது மாதம் ஒருமுறை வருகிறார். நான் கவரில் எழுதி முடிப்பதற்குள், "ஞாயித்துக்கெழம மட்டும்" என்று அவரே சொல்லிவிடுகிறார். இருந்தாலும் எழுதிக் கொடுத்துத்தான் அனுப்புகிறேன்.