பவே: பாவுகல்

2021 அக்டோபர் 2. பெண்களுக்கான பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயம் முதன்முதலாக நடந்த நாள். 80 கிலோமீட்டருக்கு மேல் தன்னந்தனியாக முன்னால் ஓட்டிவந்து வென்ற இங்கிலாந்து வீராங்கனை லிஸி டீக்னனின் ஹேண்டில்பாரில் இரத்தக் கறை இருந்தது. கையுறை போடாமல் ஓட்டியிருந்தார். சாலை குலுக்கிய குலுக்கலில் உள்ளங்கைத் தோல் உரிந்துபோயிருந்தது. அந்தச் சாலைக்குப் பிரெஞ்சு மொழியில் 'பவே' என்று பெயர்.

செவ்வக வடிவில் வெட்டி மண்ணில் வரிசையாகப் பதித்த கல்தான் பவே. ஒற்றைக் கல்லையும் அப்படிச் சொல்லலாம். அவற்றைப் பதித்த பாதையையும் சொல்லலாம். 1896இல் தொடங்கிய இந்த ஒருநாள் பந்தயத்தில் ஆண்கள் ஓட்டும் தொலைவு ஏறக்குறைய 260 கிலோமீட்டர். அதில் சுமார் 55 கிலோமீட்டர் பவே, முப்பது துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. துண்டுகளுக்கு இறங்குவரிசையில் எண் இடுவார்கள். பலகையைப் பார்த்தாலே இன்னும் எத்தனை பாக்கி என்று தெரிந்துவிடும். கொடுமைக்கு ஏற்ப ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை உண்டு. ஐந்து நட்சத்திரம் பெற்ற ஆரன்பர்க் காட்டுப் பாதை 1968இல்தான் பந்தயத்தில் சேர்ந்தது. அதைப் பரிந்துரைத்த ழான் ஸ்டாப்லின்ஸ்கி, அந்தக் காட்டுக்கு அடியில் ஓடிய சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டுச் சைக்கிள் வீரரானவர்.

பிரெஞ்சுக்காரர்கள் தடித்த இறைச்சித் துண்டையும் தலையணை போன்ற புத்தகத்தையும்கூட பவே என்பார்கள். கனமும் கட்டியான வடிவமும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. எல்லை தாண்டி பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸுக்குப் போனால் அதே கல்லுக்கு 'கசெய்' என்று பெயர். மேற்புறம் உருண்ட கல்லை அவர்கள் 'குழந்தைத் தலை' என்றும் சொல்வதுண்டு.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'பவீரே' என்றால் அடித்து இறுக்குதல், திமிசு போட்டுக் கெட்டிப்படுத்துதல். ஆங்கிலப் 'பேவ்மெண்ட்' அந்தக் குடும்பம்தான். நம் தெருக்களில் பதிக்கிற 'பேவர் பிளாக்' கல்லும் அங்கிருந்து வந்ததே.

தமிழில் என்ன சொல்வது? 'கூழாங்கல் சாலை' என்று எழுதத்தான் முதலில் கை போகும். அது தவறு. கூழாங்கல் ஆறு உருட்டி வழவழப்பாக்கிய கல். ரூபே சாலையில் கிடப்பதோ உளிபட்ட, விளிம்பு உள்ள கல். அதற்கு நம்மிடம் அச்சாக ஒரு சொல் இருக்கிறது: பாவுகல். கல் பாவிய பிரகாரம், செங்கல் பாவிய முற்றம் என்று இன்றும் எழுதுகிறோம். இவ்வளவு நல்ல சொல்லைப் பேச்சில் பேவர் பிளாக்குக்கு விட்டுக்கொடுத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பவே, பாவு என்ற ஒலி ஒற்றுமையைக் கண்டு இரண்டும் ஒரே வேர் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். தற்செயல்தான். லத்தீன் சொல் கல்லை அடித்து இறக்கும் திமிசைப் பார்க்கிறது. தமிழ்ச் சொல் தரையெங்கும் பரவும் கல்லைப் பார்க்கிறது. பரப்புதல்தான் 'பாவு' என்பதன் உயிர். அதனால்தான் நாற்றுப் பாவுகிறோம். தறியில் நீளவாட்டில் விரித்த நூலும் பாவு. ரூபே நெசவுக்குப் பெயர்போன ஊர் என்பதும், பந்தயத்தைத் தொடங்கிய தியோடர் வியன், மொரீஸ் பெரேஸ் இருவரும் அங்கே நூற்பாலை நடத்தியவர்கள் என்பதும் இந்த இடத்தில் நினைவுக்கு வந்து மனத்தை நிறைக்கிறது.

'கால் தரையில் பாவவில்லை' என்கிறோமே, அந்த வழக்கு பந்தயத்துக்கு இன்னும் நெருக்கமானது. பாவுகல்லில் சக்கரம் பாவுவதே இல்லை. ஒரு கல்லின் தலையில் பட்டு அடுத்த கல்லின் தலைக்குத் தாவுகிறது. வேகம் குறைந்தால் டயர் இடுக்குக்குள் இறங்கிவிடும். ஆகவே கல் வந்ததும் வேகத்தைக் கூட்டுவார்கள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் தளர்த்தியே பிடிப்பார்கள். பாதையின் நடுமுதுகில் ஏறி ஓட்டுவார்கள், ஓரம் வண்டிச் சக்கரங்கள் தேய்த்த பள்ளம் என்பதால். அகலமான டயரில் காற்றைக் குறைத்து வைப்பதும் சக்கரத்தைக் கொஞ்சமாவது பாவவைக்கத்தான்.

ஆக, கல்லுக்குப் பாவுகல், சாலைக்குப் பாவுகல் சாலை, பந்தயத்தில் எண் இட்ட ஒவ்வொரு துண்டுக்கும் பாவுகல் தடம். 1977 முதல் இந்தப் பந்தயத்தில் வெல்பவருக்குத் தரும் பரிசும் பீடத்தில் ஏற்றிய ஒரு பாவுகல்தான். தோலுரிந்த கைகளோடு டீக்னன் அன்று தூக்கிக் காட்டியது அதைத்தான்.