ஆட்டிப் பார்த்தால் அசையவில்லையா? அதனால் என்ன?

ஆடி பிறந்தால் கதிர்காமம், பள்ளிக்கூட விடுமுறைக்கு நுவரெலியா. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வீட்டு வான்களின் சீற்றுகள் கழன்று விறாந்தைக்கு வருகிற காலம் இது. நடு வரிசையைக் கழற்றினால் மெத்தை விரிக்கலாம். ஒன்றைத் திருப்பி வைத்தால் எதிரும் புதிருமாக இருந்து சாப்பிடலாம். அறுகம்பையில் வெளிநாட்டுக்காரர் வானுக்குள்ளேயே படுத்து, சமைத்து, குடும்பம் நடத்துவதைப் பார்த்த பிறகு இந்த ஆசை எங்கள் ஆட்களுக்கும் கூடிவிட்டது. ஆசையில் பிழையில்லை. சீற்றைத் திரும்பப் பூட்டுகிற விதத்தில்தான் எல்லாப் பிழையும்.

இந்தப் பருவத்தில் கராஜுக்கு வந்த வான்களில் கண்டவை: நாலு போல்ட் வரவேண்டிய சீற்றில் இரண்டு. போல்டே இல்லாமல் கம்பியால் கட்டிய சீற் ஒன்று. கால் சட்டத்துக்கு அடியில் பலகைத் துண்டு செருகி 'மட்டம்' பார்த்தது இன்னொன்று. அது பிழை என்றால் வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: "அண்ணன், நல்லா ஆட்டிப் பாத்த நான், அசையல்ல. மறுகா என்ன?"

இந்த 'அசையல்ல' என்ற சொல்லை வைத்தே இன்று பேச வேண்டியிருக்கிறது.

திடகாத்திரமான ஆள் ஒருவர் வானுக்குள் குனிந்து நின்று சீற்றைப் பிடித்து இழுத்தால், மிஞ்சிப்போனால் 50 கிலோ இழுவை வரும். ஒரு சீமெந்துப் பக்கற்றின் பாரம். இனி மணிக்கு 50 கிலோமீற்றரில் போகிற வான் ஒரு மதகுச் சுவரில் மோதி, முன்பக்கம் அரை மீற்றர் நசிந்து நிற்கிறது என்று வையுங்கள். அந்தக் கணத்தில் உள்ளே இருக்கிற ஒவ்வொன்றும் தன் எடையைப் போல 20 மடங்கு விசையோடு முன்னுக்குப் பாயும். 25 கிலோ சீற் 500 கிலோவாக இழுக்கும். பெல்ட்டின் கொழுவி சீற் சட்டத்திலேயே பொருத்தியிருந்தால், அதில் இருக்கிற 60 கிலோ ஆளின் 1,200 கிலோவும் அதே போல்ட்டுகளில்தான் விழும். மொத்தம் 1,700 கிலோ. 34 சீமெந்துப் பக்கற். நீங்கள் ஆட்டிப் பார்த்தது ஒரு பக்கற்.

கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இன்னொன்று. பெல்ட் பிடிமானங்களுக்கான ஐ.நா. 14ஆம் இலக்க ஒழுங்குவிதிச் சோதனையில் மூன்று முனைப் பெல்ட்டின் தோள் பட்டியை 13.5 கிலோநியூட்டனாலும், அதே நேரத்தில் இடுப்புப் பட்டியை இன்னொரு 13.5 கிலோநியூட்டனாலும் இழுக்கிறார்கள். கூட்டினால் ஏறக்குறைய 2,750 கிலோ. பெல்ட் சீற்றோடு சேர்ந்திருந்தால் சீற்றின் எடையைப் போல 20 மடங்கையும் அதற்கு மேல் சேர்க்கிறார்கள். தொழிற்சாலை போட்ட போல்ட், நட், தரைத் தகடு எல்லாம் இதற்காகக் கணக்குப் பார்த்துப் போட்டவை. வானுக்குள் இருக்கிற சீற் வீட்டுக் கதிரை மாதிரி ஒரு தளபாடம் அல்ல. அது பெல்ட்டின் பாதி.

"சீற் நல்ல பாரம், சும்மா வைச்சாலே நிக்கும்" என்பவர்களுக்குத் தனியாகப் பதில் தேவையில்லை. மேலே உள்ள 20 மடங்குக் கணக்கை இன்னொரு முறை வாசியுங்கள்.

போல்ட்டுக்கு வருவோம். கழற்றிய போல்ட் தொலைந்துபோனால் ஹாட்வெயார் கடையில் 'இதே மொத்தம்' கேட்டு வாங்கி வருகிறார்கள். மொத்தம் சரி, தலையில் பலத்தைக் காட்டும் இலக்கம் என்ன அடித்திருக்கிறது? 4.6 என்றால் கதவுப் பிணைச்சலுக்குப் போடுங்கள். சீற்றுக்குக் குறைந்தது 8.8, கழற்றிய பழைய போல்ட்டில் 10.9 இருந்தால் 10.9தான். இலக்கமே இல்லாத போல்ட்டைக் கையில் எடுக்கவே வேண்டாம். கடற்கரைப் பக்க ஆட்கள் துருவுக்குப் பயந்து ஸ்டெயின்லெஸ் போடுகிறார்கள். நல்ல எண்ணம், தப்பான போல்ட். கடையில் கிடைக்கிற ஏ2-70 தர ஸ்டெயின்லெஸ் 450 மெகாபாஸ்கல் இழுவை அழுத்தத்தில் நீளத் தொடங்கிவிடும், 8.8 போல்ட் 640 வரை தாங்கும். போதாக்குறைக்கு, உப்புக் காற்றில் ஸ்டெயின்லெஸ்ஸைத் தொட்டுக்கொண்டிருக்கிற சாதாரண இரும்பு நட் இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும்.

பெல்ட் போல்ட் வேறு சாதி. ஜப்பான் வான்களிலும் அது பெரும்பாலும் 7/16 அங்குல நுண்மரை. எம்12, அதாவது 12 மில்லிமீற்றர் போல்ட், உள்ளே போகாது. 10 மில்லிமீற்றர் எம்10 போகும், ஆனால் மரை பிடிக்காது, சும்மா தொங்கும். சிலர் எம்12க்கு மரை வெட்டி இறுக்குகிறார்கள். வெட்டியது போல்ட் ஓட்டையை அல்ல, உள்ளே பற்றவைத்த நட்டின் சதையை. அதேபோல, உடைந்த சட்டத்தை வெல்டிங் பிடித்துத் தாருங்கள் என்று கேட்காதீர்கள். சீற் சட்டமும் தண்டவாளமும் மெல்லிய உறுதி உருக்கு. சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த முறை கிழியும். முழுச் சட்டத்தையும் மாற்றுங்கள்.

பிளைவூட் தரை போடுகிறவர்கள் கவனிக்க. 12 மில்லிமீற்றர் பலகையைச் சீற் காலுக்கு அடியில் விட்டால், போல்ட் நட்டுக்குள் 12 மில்லிமீற்றர் குறைவாகப் போகிறது. 10 மில்லிமீற்றர் போல்ட் என்றால் குறைந்தது 10 மில்லிமீற்றர் ஆழமாவது மரை பிடித்திருக்க வேண்டும். பலகை ஈரத்தில் ஊதி, வெயிலில் சுருங்கி, ஒரு மாரி முடிவதற்குள் இறுக்கம் போய்விடும். நீள போல்ட் போட்டாலும் பலகை நசிவது நசிவதுதான். சீற் கால் இரும்பில் நேராக இருக்கும்படி அந்த இடத்தில் பலகையை வெட்டி எடுங்கள், வேலை முடிந்தது.

தண்டவாளத்தில் பூட்டுகிற சீற் என்றால் ரோர்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். பள்ளத்துக்குள் பாசிக்குடா மணல், கச்சான் தோல், பிள்ளையின் பென்சில் துண்டு. பூட்டின் பல் இறங்க வேண்டிய ஓட்டைக்குள் மணல் இறுகியிருந்தால் பல் பாதிதான் இறங்கும். 'டக்' என்று சத்தமும் கேட்கும், ஆட்டினால் அசையவும் மாட்டாது. இரண்டு தண்டவாளத்தில் ஒன்று பூட்டி மற்றது பூட்டாமல் நிற்பதும் இப்படித்தான். நெம்புகோல் தன் இடத்துக்கு முழுதாகத் திரும்பியிருக்கிறதா பாருங்கள். தரைக் கம்பியைக் கவ்வுகிற பூட்டு என்றால் கொக்கி கம்பியை முழுதாகச் சுற்றி மூடியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், காதால் அல்ல. மணலை வேக்குவமால் இழுத்து எடுத்துவிட்டுக் கொஞ்சம் சிலிக்கன் ஸ்பிறே போதும். தடித்த கிறீஸ் பூசாதீர்கள். கிறீஸும் மணலும் சேர்ந்தால் அரம் மாதிரித் தேய்க்கும்.

சீற்றைத் திருப்பி வைப்பதைப் பற்றி. சில ஜப்பான் வான்களில் நடு சீற் சுழலும். அது நிறுத்திய வானில் சாப்பிட, கதைக்க. ஓடும்போது முன்னோக்கியே இருக்க வேண்டும், ஏனென்றால் பெல்ட் அந்தத் திசைக்குத்தான் வருகிறது. பக்கவாட்டில் நீள வாங்கு அடிப்பது இன்னும் மோசம்: பிரேக் அடித்தால் உடல் பெல்ட்டுக்குக் குறுக்காகச் சரிந்து, பட்டி இடுப்பை விட்டு வயிற்றிலும் கழுத்திலும் ஏறும். சிறிய வாகனங்களில் பக்கவாட்டு இருக்கையை ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது சும்மா இல்லை. சீற்றை ஒரு சாண் முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்திப் புது ஓட்டை போடுகிறவர்களும் இதே வரிசைதான். பெல்ட்டின் கீழ் முனை பழைய இடத்தில் நிற்க, சீற் மட்டும் போனால், இடுப்பு எலும்பில் சரிந்து இறங்க வேண்டிய பட்டி வயிற்றைச் சுற்றும். மோதினால் ஆள் பட்டிக்கு அடியால் வழுக்குவார், குடலும் ஈரலும் அடிவாங்கும். தயவுசெய்து, புது ஓட்டை வேண்டாம்.

சரி, ஒழுங்காகச் செய்வது எப்படி? கழற்ற முதல் போனில் படம் எடுங்கள். பெற்றரியின் மறை முனையைக் கழற்றி இரண்டு நிமிடம் பொறுங்கள். சீற்றுக்கு அடியில் மஞ்சள் கொழுவி இருந்தால் அது எயார்பாக் வயர், இழுக்கக் கூடாது. எந்தப் போல்ட் எந்தக் காலுக்கு என்று பையில் எழுதிப் போடுங்கள். நீள சீற் என்றால் இரண்டு பேர் தூக்குங்கள், நாரி பிடித்தால் வைத்தியச் செலவு தனி. திரும்பப் போடும்போது நாலு போல்ட்டையும் முதலில் கையால் நாலு சுற்றுச் சுற்றுங்கள். கையால் போகாவிட்டால் மரை கோணலாக ஏறியிருக்கிறது, எயார் கன் (காற்றில் சுழற்றி இறுக்கும் கருவி) வைத்து அடித்து ஏற்றாதீர்கள். பிறகு குறுக்கு மறுக்காக, டோர்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி), அந்த வானின் சேர்விஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு. எம்10 போல்ட்டுக்கு அது பெரும்பாலும் 35 முதல் 45 நியூட்டன் மீற்றருக்குள் வரும். செங்கலடியிலிருந்து பதுளை ஏறி இறங்கி வந்தால் வந்த அன்றே ஒருமுறை பாருங்கள்.

வெள்ளம் தரை வரை ஏறிய வான் என்றால் காப்பெற்றைத் தூக்கி, நட் பற்றவைத்த இடத்தை ஸ்குறூடிறைவரால் குத்திப் பாருங்கள். சொதசொத என்று உள்ளே போனால் எந்த 10.9 போல்ட்டும் உதவாது.

மெத்தையில் பிள்ளைகளைப் படுக்கவைத்துக்கொண்டு ஓடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறோம். 'இரவுப் பயணம், பிள்ளைகள் நித்திரை' என்றால் சீற்றில் பெல்ட் போட்டு நித்திரை கொள்ளட்டும். புனானை, வெலிக்கந்தைப் பக்கம் இரவில் மாடு குறுக்கே வருவது புதினமா? மெத்தையில் கிடக்கிற 15 கிலோப் பிள்ளைக்கும் அதே 20 மடங்குதான். மடியில் வைத்திருக்கிற தாயின் கை 300 கிலோ தாங்காது. பெல்ட் முன் சீற்றுக்கு மட்டும் என்ற எண்ணம் பொலிஸுக்குப் பயந்து வந்தது, மோதலுக்குப் பயந்து வந்ததல்ல. காஸ் சிலிண்டர், தண்ணீர்க் கான், குளிர்ப்பெட்டி எதுவானாலும் கழற்றிய சீற்றின் போல்ட் ஓட்டைகளில் வளையம் பூட்டி இறுகக் கட்டுங்கள்.

வளையம் பூட்டாத ஓட்டைகளைத் திறந்தபடி விடாதீர்கள். சில நேரே வெளியே திறக்கும், சைலன்சர் புகை அடியிலிருந்து உள்ளே வரும். ஏசிக்காக என்ஜினை ஓடவிட்டு உள்ளே படுக்கிறவர்களுக்கு அந்தப் புகையில் இருக்கிற நச்சு வாயுவான காபனோரொட்சைட்டின் மணமும் தெரியாது, நிறமும் தெரியாது. கழற்றிய போல்ட்டையே வாசரோடு திரும்ப அந்த ஓட்டைக்குள் பூட்டி வையுங்கள்: புகை வராது, மணல் இறங்காது, வீடு திரும்பிய பிறகு போல்ட்டைத் தேடவும் வேண்டியதில்லை. படுக்கும்போது என்ஜினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள். நுளம்புக்கு வலை கட்டலாம்.