கட்டியெல்லாம் சிலந்திக்கடி அல்ல

சிலந்தி கடித்ததென்று ஐந்து நாள் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பி, சீழ் வைத்த காலோடு இன்னொருவர் சிகிச்சைக்கு வந்துவிட்டார். சர்க்கரை நோயாளி. சிலந்தியை வீட்டில் யாருமே பார்க்கவில்லை.

தமிழில் சிலந்தி என்ற சொல்லுக்கே கட்டி, புண் என்ற பொருளும் உண்டு. குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. மொரீஷியஸ் வீடுகளில் நாம் கவனிக்க வேண்டியது பழுப்பு விதவைச் சிலந்தி. அதன் நஞ்சு நரம்பைத் தாக்கும், தோலை அழுகவைக்காது. கடித்ததும் ஊசி குத்தியதுபோல் சுருக்கென்று வலித்து, இடம் சிவக்கும். மிஞ்சினால் இரண்டொரு நாளில் தணிந்துவிடும். மூன்றாம் நாள் சூடாகி, சீழ் கோத்து, சிவப்பு மேலேறினால் பெரும்பாலும் அது பாக்டீரியாத் தொற்று. சொறிந்த கொசுக்கடியோ, வெறுங்காலில் பட்ட கீறலோ போதும். பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை உள்ள தீவு இது. தாமதம் விரலை, சில சமயம் பாதத்தையே கொண்டுபோகும். ஃபார்மசியில் கேட்டு வாங்கும் இரண்டு ஆன்டிபயாட்டிக் மாத்திரை சிகிச்சை ஆகாது.

சுவரில் ஓடும் கையகலச் சிலந்தியை அடிக்காதீர்கள், அது கரப்பானைத் தின்பது. விதவைச் சிலந்தியின் உடல் ஒரு சென்டிமீட்டர்தான். காலில் வரிகள், வயிற்றின் அடியில் ஆரஞ்சு நிற உடுக்கை வடிவம். முட்டைப்பை, சுண்டுவிரல் நுனியளவு ஊமத்தங்காய்போல் முள் முள்ளாக இருக்கும். அதைப் பார்த்தால் தாய் பக்கத்தில்தான்.

தானாக வந்து கடிக்காது, நசுக்கினால்தான் கடிக்கும். பிளாஸ்டிக் நாற்காலியின் அடிவிளிம்பு, பூந்தொட்டி விளிம்பு, தபால் பெட்டி, ரப்பர் பூட்ஸ் எல்லாம் அதன் இடம். காவடிக்குக் கிடங்கிலிருந்து நாற்காலிகளை இறக்கும் தம்பிகளே, விளிம்பைப் பிடித்துத் தூக்குமுன் கவிழ்த்துத் துடைப்பத்தால் கூட்டுங்கள். கையுறை போடுங்கள், அதையும் உதறிவிட்டு. முட்டைப்பைகளைச் செருப்பால் நசுக்குங்கள். ஸ்ப்ரே மருந்து உள்ளே எளிதில் இறங்காது.

கடித்துவிட்டால் சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வையுங்கள். வலிக்குப் பாரசிட்டமால் போதும். கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது வேண்டவே வேண்டாம். முடிந்தால் சிலந்தியைப் படமெடுங்கள். வயிறு இறுகினாலோ, தசை இழுத்தாலோ, கொட்டக் கொட்ட வியர்த்தாலோ ஆம்புலன்சுக்கு 114-ஐ அழையுங்கள். குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரத்தையும் எழுதுங்கள். கோட்டைத் தாண்டினால், காய்ச்சல் வந்தால், உடனே ஆஸ்பத்திரி. சர்க்கரை உள்ளவர்கள் கோடு தாண்டும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வாருங்கள். தயவுசெய்து அந்தச் சுண்ணாம்பைப் பூசாமல் வாருங்கள்.