கணக்கு உதைக்கிறதா? வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள்

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஒரு துணிக்கடைக்கு நான்தான் கணக்கு முடித்துக் கொடுக்கிறேன். போன தீபாவளி முடிந்த வாரம் கடைக்கார அக்கா போனில் அழாத குறை. "தம்பி, கையில 5,400 வெள்ளி (ரிங்கிட்) குறையுது. கல்லாவுல நிக்கிற பையன் எடுத்துட்டானோன்னு பயமா இருக்கு."

"அவன்கிட்ட ஒன்னும் கேட்டுடாதீங்க அக்கா, நான் வர்றேன்" என்றேன்.

5,400 என்று கேட்டதுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. அது ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். எழுதும்போது பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறிவிட்டால், வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்குதான். பத்துக்கும் ஒன்றுக்கும் இடைவெளி 9, நூறுக்கும் பத்துக்கும் 90, ஆயிரத்துக்கும் நூறுக்கும் 900. எண் ஐந்து இலக்கமோ பதினாறு இலக்கமோ, இது மாறாது.

கடைக்குப் போய் 5,400ஐ 900ஆல் வகுத்தேன், 6 வந்தது. அப்படியென்றால் ஆயிரத்திலும் நூறிலும் ஆறு வித்தியாசமுள்ள இலக்கங்கள் இருக்கும் வரியைத் தேட வேண்டும். அந்த வரிகளில் மட்டும் விரல் வைத்துக்கொண்டே போனோம். ஒரு சனிக்கிழமை விற்பனை 18,270 என்று இருந்தது. அன்றைய ரசீதுகளைக் கூட்டினால் 12,870. இரவு கடை சாத்தியபின் அக்காவே எழுதிய வரி அது. பையன் மேல் தப்பே இல்லை.

சரி, வகுபட்டாலே இடம் மாறியதுதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒன்பது எண்ணுக்கு ஒன்று எப்படியும் வகுபடும். எங்கே தேடத் தொடங்குவது என்பதற்கு இது ஒரு துப்பு, அவ்வளவுதான். ஆனால் ஒருவர்மேல் பழி போடுமுன் இந்த ஒரு நிமிட வேலையைக் கட்டாயம் செய்யுங்கள்.

இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்க்கும் பழைய வழக்கம் இந்தத் தவறைப் பிடிக்காது. இரண்டு எண்ணிலும் கூட்டினால் 18தான். பதினொன்றால் வகுத்தால் பிடிபடும்: 18,270க்கு மீதி 10, 12,870க்கு மீதியே இல்லை.

கடன் அட்டை எண்ணின் கடைசி இலக்கமும் இப்படியொரு காவல்தான், மற்ற இலக்கங்களை வைத்துக் கணக்கிட்டுச் சேர்ப்பது. ஐ.பி.எம்.மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் கண்டுபிடித்து, 1960இல் காப்புரிமை பெற்ற முறை. ஓர் இலக்கம் தவறினால் நிச்சயம் காட்டிக்கொடுக்கும். பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் காட்டிக்கொடுக்கும், 09 என்பது 90 ஆகவோ, 90 என்பது 09 ஆகவோ மாறும்போது மட்டும் தப்பவிட்டுவிடும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "நம்பரைக் கணினி ஏத்துக்கிச்சு, அப்போ நிஜம்தான்" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. அந்தக் கடைசி இலக்கத்தை யார் வேண்டுமானாலும் பேப்பரில் கணக்குப் போட்டு எடுக்கலாம், மோசடிக்காரனும்தான். அது பிடிப்பது கை தவறுவதை மட்டும்தான், ஆளை அல்ல. அதனால் டூயிட்நவ் (மலேசியாவின் உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை) வழியாகப் பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயரை முழுசாகப் படித்துவிட்டு, அப்புறம் அழுத்துங்கள்.