குடிநோயாளி: சொல் விளக்கம்

நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல், குடிக்காவிட்டால் கை நடுங்கி, தூக்கம் கெட்டுத் தவிப்பவரைக் குறிக்கும் சொல் இது. ஆங்கிலத்தில் ‘ஆல்கஹாலிக்’. எப்போதாவது அளவு மீறிக் குடிப்பவரை இப்படிச் சொல்வதில்லை.

‘ஆல்கஹால்’ அரபியின் ‘அல்-குஹ்ல்’ என்பதிலிருந்து பிறந்தது. கண்ணில் தீட்டும் சுருமாத் தூள்தான் அதன் பழைய பொருள். மெல்லிய தூளைக் குறித்த சொல், வடித்தெடுத்த சாரத்துக்கும் ஆகி, கடைசியில் மதுவின் சாரத்தோடு நின்றுவிட்டது. 1849இல் ஸ்வீடன் மருத்துவர் மாக்னஸ் ஹஸ் ‘ஆல்கஹாலிசம்’ என்று பெயர் வைத்து, நாட்பட்ட குடியை நோய்களின் வரிசையில் சேர்த்தார்.

தமிழில் புழங்கி வந்தது ‘குடிகாரன்’. தோட்டக்காரனுக்குத் தோட்டம் போல, இவனுக்குக் குடிதான் எல்லாம் என்று முத்திரை குத்திவிடும் சொல். கள்ளுண்ணாமையை ஒழுக்கமாகவே படித்து வளர்ந்த நமக்குக் குடி என்றால் ஒழுக்கக்கேடு. அதனால்தான் வீட்டில் ஒருவர் குடித்தால் மருத்துவமனைக்குப் போக யோசிக்கிறோம், ஊருக்குத் தெரியாமல் மறைக்கிறோம். ‘குடிநோயாளி’யில் ‘காரன்’ இல்லை. ஆண்பால் விகுதியும் இல்லாததால், வெளியே சொல்ல முடியாமல் தவிக்கும் பெண்களுக்கும் அதில் இடம் உண்டு.

‘மதுவுக்கு அடிமை’ என்பதும் வழக்கில் இருக்கிறது. ‘அடிக்‌ஷன்’ என்பதன் லத்தீன் வேரும் கடனுக்காக அடிமையாக்கப்பட்டவரைத்தான் குறித்தது. (‘அடி’ என்ற ஒலி ஒற்றுமை தற்செயல்தான்.) சரி, பொருள் பொருந்துகிறது. ஆனாலும் அடிமை என்றால் பரிதாபம் வரும். நோயாளி என்றால்தான் சிகிச்சை நினைவுக்கு வரும். என் தேர்வு குடிநோயாளிதான்.

சொல் மாறினால் என்ன ஆகும் என்பதை, சபரிமலைக்கு மாலை போடும் நாட்களில் பார்க்கலாம். 41 நாள் ஒரு சொட்டும் தொடாதவர், மாலையைக் கழற்றியதும் மறுபடி கடை வாசலில் நிற்பார். “நினைச்சா விட முடியுதுல்ல, எல்லாம் திமிரு” என்போம். நோய் என்று புரிந்தவர்கள் அந்த விரதத்தைப் பிடித்துக்கொள்வார்கள். சாமிக்குப் பயந்து கிடைத்த நாட்கள் சிகிச்சைக்கு நல்ல தொடக்கம். ஒரு எச்சரிக்கை: தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் சில நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாலை போடும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்புறம், கழற்றும் நாளில் அவரைத் தனியாக விடக்கூடாது.