காட்பாடியில் கூட்ஸ் நின்றால் ராயபுரத்தில் புகை

காட்பாடி மேம்பாலத்தில் சாயங்கால நெரிசலில் மாட்டிக்கொண்டால் கீழே எட்டிப் பாருங்கள். பல நாள்களில் அங்கே ஒரு கன்டெய்னர் கூட்ஸ், மற்ற ரயில்களுக்கு வழிவிட ஒதுங்கும் லூப் லைனில் காத்துக் கிடக்கும். பக்கத்து லைனில் எக்ஸ்பிரஸ்கள் பறக்கும். கடைசியில் சிக்னல் கிடைத்து இன்ஜின் இழுக்கும்போது, கொக்கிகள் இறுகும் 'டங் டங்' சத்தம் முன் வேகனிலிருந்து வால்வரை ஓடும். அது நின்ற நேரத்துக்கு விலை கொடுப்பவர்கள் 130 கிலோமீட்டர் தள்ளி, சென்னைத் துறைமுகத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்கள்.

எப்படி? சக்கரத்திலிருந்து தொடங்குவோம். லாரி டயர் ஒவ்வொரு சுற்றிலும் அடியில் நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுங்கலில் டீசல் சூடாக வீணாகிறது. வேலூரிலிருந்து பூந்தமல்லி வரை ஓடிவந்த டயரைத் தொட்டால் கை சொல்லும். இரும்புச் சக்கரமோ நசுங்குவதே இல்லை எனலாம். தண்டவாளத்தை அது தொடும் இடம் ஒரு நாணயம் அளவுதான். சமதளத்தில் ஒரு டன் சரக்கை ஓட வைத்துக்கொண்டே இருக்க, இரண்டு கிலோ அரிசிப் பையைத் தூக்கும் பலம் போதும். லாரிக்கு அதைப் போல மூன்று, நான்கு மடங்கு வேண்டும்.

2019 ஜூலையில் இதைக் கண்ணாலேயே பார்த்தோம். சென்னையின் ஏரிகள் வறண்டபோது, அன்று வேலூர் மாவட்டத்தில் இருந்த ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயில் போனது. 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அனுப்பியிருந்தால் 200 லாரிக்கு மேல் வேண்டும்.

கன்டெய்னரிலும் அதே கணக்கு. 45 வேகன் கொண்ட ஒரு ரயில் இருபதடிப் பெட்டிகள் 90-ஐ ஏற்றும். அத்தனையும் சாலையில் வந்தால் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் வரிசை கட்டும். இன்ஜினை அணைக்காத லாரி விடும் கரி காசிமேட்டுக்கும் ராயபுரத்துக்கும் போகும்.

வரிசைக்கென்று ஒரு விசித்திரக் குணம் உண்டு. கேட் ஒன்று மணிக்கு 60 லாரியை அனுப்பும் என்று வைத்துக்கொள்வோம். லாரிகள் நேரம் காலம் பார்க்காமல் வருகின்றன. மணிக்கு சராசரியாக 57. வரிசைக் கோட்பாட்டின் எளிய சூத்திரப்படி ஒரு லாரி அங்கே சராசரியாக 20 நிமிடம் கிடக்கும். வரத்து 48-ஆகக் குறைந்தால்? ஐந்தே நிமிடம். ஆறில் ஒரு பங்கு லாரி குறைந்ததற்குக் காத்திருப்பு நாலில் ஒன்றாகிவிட்டது. அதனால்தான், எல்லாச் சரக்கும் ரயிலுக்கு மாறத் தேவையில்லை என்கிறேன். கொஞ்சம் மாறினாலே துறைமுகத் தெருக்காரர்களுக்கு மூச்சு விட முடியும்.

அந்தக் கொஞ்சம் மாறத் தடை ரயிலின் வேகமல்ல, நிற்பதுதான். நின்று நின்று போகும் ரயிலை நம்பாமல் சரக்கு லாரியேறுகிறது. நிற்பதற்கு மின்சாரத்திலும் விலை உண்டு. 3,000 டன் கூட்ஸை 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர மட்டும் சுமார் 115 யூனிட் மின்சாரம் வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு வீட்டுக்கு அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டைவிட அதிகம். பிரேக் போட்டால் புதிய மின் இன்ஜின்கள் அதில் ஒரு பகுதியைக் கம்பிக்குத் திருப்பித் தரும். மிச்சம் போனது போனதுதான். பழைய சிக்னல் முறையில் இரு ஸ்டேஷன்களுக்கு இடையே ஒரு திசையில் ஒரே ரயில்தான் போகலாம். தானியங்கி சிக்னலில் சுமார் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு விளக்கு. ஒன்றன்பின் ஒன்றாகப் பல ரயில்களை விடலாம். அப்போது கூட்ஸ் ஒதுங்கி நிற்கும் நேரம் குறையும். லூப் லைனை நீட்டினால் நீண்ட ரயிலையும் ஒதுக்க முடியும்.

ஆனால் ஆம்பூர் ஷூவுக்கும் ராணிப்பேட்டைத் தோலுக்கும் இதனால் மட்டும் பலன் வந்துவிடாது. துறைமுகம் இருநூறு கிலோமீட்டருக்குள்தான். பெட்டியை லாரியில் ஏற்றி, யார்டில் இறக்கி, ரயிலில் தூக்கி வைத்து, 90 பெட்டி சேரும்வரை காத்திருப்பதற்குள் நேராகப் போகும் லாரி கேட்டைத் தொட்டிருக்கும். பெங்களூரு ஒயிட்ஃபீல்டு கன்டெய்னர் யார்டில் நிரம்பிய ரயில்கள் நம் ஊர்களில் பெட்டி ஏற்றாமல் கடப்பதற்கும் அதுவே காரணம். இங்கேயே ஒரு சிறிய யார்டு வைத்து, அந்த ரயில்களில் பத்துப் பெட்டிக்கு இடம் ஒதுக்கி, குறித்த நேரத்தில் நிறுத்தினால் கணக்கு மாறலாம் என்பது என் எண்ணம்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில்பாதை 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. அதன் ஒரு முனை துறைமுகத்தை ஒட்டிய ராயபுரம். மறுமுனை வாலாஜா ரோடு. இன்று அந்த வாலாஜா பக்கத்துப் பெட்டிகள் லாரியேறி, சென்னசமுத்திரம் டோல்கேட் வழியாக அதே ராயபுரத்துப் பக்கம் போகின்றன.